ஒரு கையெழுத்தும் மூன்றில் இரண்டும்

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடக்கவிருக்கும் இலங்கை ஜனாதிபதித் தேர்தலுக்கான தேசிய மக்கள் சக்தியின் வேட்பாளர் அநுர குமார திசாநாயக்கவின் தேர்தல் விஞ்ஞாபனத்தை இந்த வாரம் தமிழில் முழுவதுமாகப் படித்து முடித்தேன். 'வளமான நாடு – அழகான வாழ்க்கை' என்ற தலைப்பில் வந்திருக்கும் அந்த ஆவணத்தை எங்கள் பகுதியில் பலர் தலைப்போடு விட்டுவிட்டதாகவே தெரிகிறது. ஒரு பகுதியினர், அவருடைய கட்சியான ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) என்ற பெயரைக் கேட்டதும் முகத்தைத் திருப்புகிறார்கள். மற்றொரு பகுதியினர், குறிப்பாக இளையவர்கள், ஊழலுக்கு எதிரான அவருடைய பேச்சு ஒன்றே போதும் என்கிறார்கள். 2019இல் வெறும் 3 வீத வாக்குகளைப் பெற்ற ஒருவர் இன்று வெற்றி பெறக்கூடியவராக நிற்கும்போது, இந்த இரண்டு நிலைகளுமே நமக்கு உதவாது என்று நினைக்கிறேன். 21ஆம் திகதிக்கு முன்னர் அவருடைய நிலைப்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றை நிறைவேற்ற எந்த அதிகாரம் தேவை என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டுமா, சாதாரணப் பெரும்பான்மை போதுமா, அல்லது ஜனாதிபதியின் கையெழுத்து ஒன்றே போதுமா?

நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறைமையை ஒழிப்பேன் என்பது அவருடைய முதன்மையான வாக்குறுதிகளில் ஒன்று. 1978இன் அரசியலமைப்பு கொண்டுவந்த இந்த முறைமையை ஒழிப்பதாக 1994இல் சந்திரிகா சொன்னார், 2005இல் மகிந்த சொன்னார், 2015இல் மைத்திரிபால சொன்னார். மூவரும் வென்றார்கள், கதிரை அப்படியே இருக்கிறது. அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் குறைத்த அதிகாரங்களை 2020இல் 20ஆவது திருத்தம் திருப்பிக் கொடுத்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனாலும் இந்த விடயத்தில் அநுரவின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை, ஏனென்றால் பதவி எட்டாத தூரத்தில் இருந்த 2018இலேயே அவருடைய கட்சி இதற்கென ஒரு சட்டமூலத்தைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்திருந்தது. என்னுடைய கேள்வி வேறு. இந்த முறைமையை ஒழிப்பதற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் அதன் பிறகு சர்வசன வாக்கெடுப்பும் தேவை. 2020இல் தெரிவான இன்றைய பாராளுமன்றத்தில் அவருடைய அணிக்கு 225 ஆசனங்களில் இருப்பவை 3. பாராளுமன்றத்தைக் கலைத்துப் பெரும்பான்மை பெற்று, வரைவு எழுதி, வாக்கெடுப்பு நடத்தி முடிக்கும்வரை அவர் அதே கதிரையில் அதே அதிகாரங்களுடன் அமர்ந்திருப்பார். அந்தக் காலத்தில் அந்த அதிகாரங்களைக் கொண்டு என்ன செய்வார் என்பதை விஞ்ஞாபனம் போதிய அளவு சொல்லவில்லை.

ஜனாதிபதியின் ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு பலம் உண்டு என்று வடக்குக் கிழக்கில் வாழும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2020 யூன் மாதத்தில் ஜனாதிபதி வெளியிட்ட ஒரு வர்த்தமானி அறிவித்தல், கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபுரிமைகளுக்கென ஒரு செயலணியை உருவாக்கியது. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் அந்த மாகாணத்துக்கான செயலணியில், அமைக்கப்பட்டபோது ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அதற்கு மூன்றில் இரண்டும் தேவைப்படவில்லை, சர்வசன வாக்கெடுப்பும் தேவைப்படவில்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் இப்படியே பார்க்கிறேன். தற்காலிக ஏற்பாடு என்ற பெயரோடு 1979இல் வந்த சட்டம் 45 வருடங்களாக நம் மீது இருக்கிறது. அதை நீக்குவதாக அநுர எழுதியிருக்கிறார், அதை வரவேற்கிறேன். நீக்குவதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். அதற்கும் முன்னதாக, இந்தச் சட்டத்தின் கீழ் ஒருவரை மூன்று மாதங்களுக்கு ஒரு முறை நீட்டித்து ஒரு வருடம் வரை தடுத்து வைக்கும் உத்தரவில் ஒப்பமிடுபவர் பாதுகாப்பு அமைச்சர், அந்த அமைச்சு ஜனாதிபதியிடமே இருக்கிறது. சட்டம் நீக்கப்படும்வரை ஓர் உத்தரவிலும் ஒப்பமிட மாட்டேன் என்று அவர் இன்றே மேடையில் சொல்லலாம். அதைச் சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை என்பதால்தான் அவர் சொல்லாமலிருப்பது என்னை உறுத்துகிறது.

இனி மாகாண சபைகளுக்கும் அவற்றை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்கும் வருகிறேன். 1987இல் இலங்கை–இந்திய ஒப்பந்தத்தையும் அதன் வழி வந்த மாகாண சபைகளையும் ஜே.வி.பி. ஆயுதம் ஏந்தி எதிர்த்தது. 2005இல், சுனாமியால் அழிந்த எங்கள் கரையோரங்களுக்கு நிவாரணத்தைப் பகிர்வதற்கான பொதுக் கட்டமைப்பை எதிர்த்து அந்தக் கட்சி அரசாங்கத்தை விட்டு வெளியேறியபோது, விவசாய அமைச்சராக இருந்த அநுரவும் பதவியைத் துறந்தார். இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் பிரித்த 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பு, அந்தக் கட்சியினர் உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் வந்தது. மனிதர்கள் மாறுவார்கள், கட்சிகளும் மாறும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாறியவர், எதிலிருந்து மாறினேன் என்பதைப் பாதிக்கப்பட்டவர்களிடம் ஒரு தடவையாவது சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு வந்து, 13 தருகிறேன் அல்லது சமஷ்டி (கூட்டாட்சி) தருகிறேன் என்று வாக்குகளுக்குப் பேரம் பேச வரவில்லை என்று அவர் கூறியதைச் சிலர் நேர்மை என்று பாராட்டினார்கள். எனக்கு அது பதிலைத் தள்ளிவைப்பதாகவே பட்டது. அதிகாரப் பகிர்வு என்பது வாக்குக்கு விலையாகக் கேட்கப்படும் பொருளல்ல, நாட்டின் அரசியலமைப்பில் ஏற்கனவே எழுதப்பட்டிருப்பதை நடைமுறைப்படுத்தும் கடமை.

2015 முதல் 2019 வரை நடந்த அரசியலமைப்பு உருவாக்கப் பணியைத் தொடர்ந்து முடிப்பதாக விஞ்ஞாபனம் கூறுகிறது. அந்தப் பணியின் இடைக்கால அறிக்கையில் இருந்த 'ஏக்கிய இராச்சிய – ஒருமித்த நாடு' என்ற சொற்கள் பட்ட பாட்டை நாம் பார்த்தோம். சிங்களத்தில் அதற்கு ஒற்றையாட்சி என்று ஒரு பொருள் சொல்லப்பட்டது, தமிழில் வேறொரு பொருள் சொல்லப்பட்டது, இறுதியில் இரு பக்கமும் ஏமாற்றப்பட்டதாகவே உணர்ந்தன. யாழ்ப்பாணத்தில் சொல்லும் பொருளை அதே சொற்களில் தெற்கின் மாத்தறை மேடையிலும் அவர் சொல்வாரானால், அந்த ஒன்றுக்காகவே நான் அவரை மதிப்பேன்.

புதிய அரசியலமைப்பு வரும்வரை மாகாண சபைத் தேர்தலைக் காத்திருக்க வைக்க வேண்டியதில்லை. வடக்கு மாகாண சபையின் ஆயுள் 2018இல் முடிந்தது, கிழக்கினது அதற்கு முந்திய வருடமே முடிந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றிய திருத்தமும், அதன்படி தயாரிக்கப்பட்டு 2018இல் பாராளுமன்றத்தில் ஒருவரின் ஆதரவுமின்றித் தோற்றுப்போன எல்லை நிர்ணய அறிக்கையுமே இன்றைய முட்டுக்கட்டை. பழைய முறைக்குத் திரும்பும் ஒரு சிறிய சட்டமூலம் இதைத் தீர்க்கும். அதற்கும் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஒரு வருடத்துக்குள் தேர்தல் நடத்துவதாக அவர் தந்திருக்கும் உறுதிமொழியை நான் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

பொருளாதாரத்தில் அவருடைய நிலைப்பாடுகள் பெரும்பாலும் நியாயமானவை. உணவு, மருத்துவம், கல்வி தொடர்பான பொருட்களுக்கு 18 வீதப் பெறுமதி சேர் வரியை நீக்க வேண்டும் என்பதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. சர்வதேச நாணய நிதியத்தை விட்டு விலகாமல் நிபந்தனைகளைப் பேசி மாற்றுவதாகக் கூறுகிறார். 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற எவரும் அதற்கு மேல் துணிச்சலை அவரிடம் கேட்க மாட்டார்கள்.

காணாமலாக்கப்பட்டோர் விடயத்தில்தான் நான் அவருடன் கடுமையாக முரண்படுகிறேன். வெளிநாட்டு ஊடகமொன்றுக்கு அளித்த செவ்வியில், உண்மையைக் கண்டறிவதே நோக்கம், தண்டிப்பது நோக்கமல்ல, பாதிக்கப்பட்டவர்களும் தண்டனையை எதிர்பார்க்கவில்லை என்ற பொருள்பட அவர் பேசியிருக்கிறார். என்னுடைய பெரியம்மா போர் முடிந்த 2009 மே மாதத்திலிருந்து மகனின் படத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டப் பந்தல்களில் அவரைப் போன்ற தாய்மார் ஏழு வருடங்களுக்கு மேலாக அமர்ந்திருக்கிறார்கள். பதில் கிடைக்காமலே இறந்தவர்களும் உண்டு. அவர்களில் எவரும் தண்டனை வேண்டாம் என்று என்னிடம் சொன்னதில்லை. அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஒரு வேட்பாளருக்கு இல்லை, எனக்கும் இல்லை.

மற்ற வேட்பாளர்கள் இதைவிட மேல் என்று நான் சொல்ல வரவில்லை. 75ஆவது சுதந்திர தினத்துக்கு முன்னர் தீர்வு தருவதாகச் சொன்ன ரணில் விக்கிரமசிங்கவின் ஆட்சியில் உள்ளூராட்சித் தேர்தல்கூட நடக்கவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றமே 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது. 13ஐ முழுமையாக நடைமுறைப்படுத்துவதாகக் கூறும் சஜித் பிரேமதாசவிடமும், எப்போது, எந்தச் சட்டமூலத்தின் மூலம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. சங்குச் சின்னத்தில் நிற்கும் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு வாக்களிப்போரின் மனநிலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் எவர் வென்றாலும் அந்தக் கையெழுத்து அவரிடம் போகப் போகிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அநுரவின் திசைகாட்டிச் சின்னத்துக்கு வாக்குக் கேட்டு மூன்று இளைஞர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகப் பேசினார்கள், பெரியம்மா கொடுத்த தேநீரை வாங்கிக் குடித்தார்கள். தடுப்புக்காவல் உத்தரவுகளைப் பற்றியும் மாகாண சபைத் தேர்தலைப் பற்றியும் நான் கேட்டவற்றுக்கெல்லாம், புதிய அரசியலமைப்பில் அனைத்தும் வரும் என்று பதில் சொன்னார்கள். கேள்விகளை ஒரு தாளில் எழுதி அவர்களிடம் கொடுத்து, மேலே கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறேன். பெரியம்மா தன் பங்குக்கு மகனின் பெயரையும் அவன் பிறந்த திகதியையும் அந்தத் தாளின் அடியில் எழுதிக் கொடுத்தார்.