‘எஸ்டேட் டமில்’ என்றால் யார்?

சனிக்கிழமை ஒரு கூட்டத்தில், மேடைக்கு வந்தவர்களை ஆங்கிலத்தில் எழுதிவைத்து அறிமுகப்படுத்தியதைப் பற்றித்தான். 

யாழ்ப்பாணத்தவருக்கு ஊர்ப்பெயர், மட்டக்களப்பாருக்கு ஊர்ப்பெயர். பதுளையில் பிறந்து கெம்பஸில் படிப்பிக்கிற பெண்ணுக்கு மட்டும் ‘எஸ்டேட் டமில்’. எஸ்டேட் என்ன ஊரா? கம்பனிக்காரன் சொத்து.

நான் கேட்பது ஒன்றுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த எங்களை ஆங்கிலத்திலும் ‘மலையகத் தமிழர்’ என்றே எழுதுங்கள். நாக்கு ஒன்றும் சுளுக்கிக்கொள்ளாது. ‘பிளான்டேஷன்’ என்பது படித்தவர்கள் சொல்லும் எஸ்டேட். ‘ஹில் கன்ட்ரி’ ஹோட்டல் விளம்பரம். ‘அப்கன்ட்ரி’ பரவாயில்லை, ஆனால் கண்டிச் சிங்களவரும் அப்கன்ட்ரிதான். ‘இந்தியன் டமில்’? 1911 குடிசன மதிப்பீட்டிலிருந்து துரத்துகிறது. 1948இல் எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் போனபோதும், 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களை 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தபோதும் அந்தச் சொல்தான் வசதியாக இருந்தது.

என் பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் இனம் ‘இந்தியத் தமிழ்’. தங்கச்சியுடையதில் ‘இலங்கைத் தமிழ்’. அதே தகப்பன்தான்! அவள் பிறக்கும்போது அப்பா கொழும்பு கொட்டாஞ்சேனையில் கடை வேலைக்கு வந்துவிட்டார். எந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் மரியாதை என்று அதற்குள் விளங்கிவிட்டது, பாவம்.

“பெயரில் என்ன, சம்பளத்தைக் கேளுங்கள்” என்பார்கள். கேட்டோமே. தோட்ட வேலைக்கு நாளுக்கு ஆயிரம் ரூபா கேட்டு 2021 வரை இழுபட்டோம். அப்போது உங்களை எந்தப் பக்கமும் காணவில்லையே.

“அவர்களே தோட்டம் என்றுதானே சொல்கிறார்கள்?” சொல்வார்கள். அப்பா என்னைக் கழுதை என்பார். நீங்கள் சொல்லிப் பாருங்கள்.

“கொழும்பில் இருந்துகொண்டு என்ன மலையகம்?” மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற யாழ்ப்பாணத்தாரிடம் இதைக் கேட்பீர்களா? கேட்க மாட்டீர்கள். அவருக்கு ஊர் உண்டு, கோயில் உண்டு, திருவிழாவுக்குப் போய்வருவார். எங்களுக்கு மட்டும் லயத்தை, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு இறங்கினால் அடையாளம் காலாவதி.

சிங்களவர் எழுதியிருந்தால்கூட விட்டிருப்பேன். அந்த அறிமுகத்தை எழுதியது நம்மவர். ‘தோட்டக்காட்டான்’ என்று வாய்வரை வந்ததை ஆங்கிலத்தில் நாகரிகமாக எழுதிவிட்டார், அவ்வளவுதான். நான் பள்ளிக்கூடத்தில் கேட்காத சொல்லா?

போன மாதம் வெள்ளவத்தையில் வீடு பார்க்கப் போனோம். வீட்டுக்கார அம்மா தேத்தண்ணி எல்லாம் தந்தார். “சொந்த இடம் எது, தம்பி?” “ஹட்டன்.” “ஓ… எஸ்டேட் பக்கமோ?” பின்னேரமே போன் வந்தது, மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறாராம், வீடு இல்லையாம். அந்த வீட்டு விளம்பரம் இன்றைக்கும் ஓடுகிறது.

“நாமெல்லாம் தமிழர்தானே, ஏன் பிரிக்கிறீர்கள்” என்று கீழே எழுத வருகிறவர்கள், முதலில் எனக்கு அந்த வீட்டை எடுத்துத் தாருங்கள்.