ஸ்கூல் போர்டு தேர்தலில் யாருக்கு ஓட்டு? டெக்சஸ் தமிழர்களுக்குக் கொஞ்சம் நீளமான பதிவு

டாலஸுக்கு வடக்கே பிளேனோ, ஃபிரிஸ்கோ, காப்பெல், ஆலன் பக்கம் வீடு பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் முதலில் விசாரிப்பது பள்ளியைத்தான். எந்த எலிமெண்டரி, எந்த மிடில் ஸ்கூல், ரேட்டிங் என்ன என்று கேட்டு, அதற்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். அந்தப் பள்ளி தொடர்ந்து நடக்குமா, மூடப்படுமா, எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்ற எல்லைக்கோடு மாறுமா என்று முடிவெடுக்கும் ஸ்கூல் போர்டின் ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் மட்டும் நம்மில் பலர் வாக்குச்சாவடிப் பக்கமே போவதில்லை. போகிறவர்களிலும் பலர், தெருமுனைப் பலகைகளில் அதிகம் கண்ணில் பட்ட பெயரைத் தொட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். மே மாதத் தேர்தல்களில் பதிவு செய்த வாக்காளர்களில் பத்தில் ஒருவர்கூட ஓட்டுப் போடாத ஊர்கள் உண்டு. சில நூறு ஓட்டில் வெற்றி தோல்வி முடிவாகிவிடும். நம் சமூகத்துக்கு இதைவிடக் கனமான ஓட்டு வேறு எந்தத் தேர்தலிலும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

முதலில், போர்டு எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதில் தெளிவு வேண்டும். வேட்பாளரை எடைபோட இதுதான் முதல் சோதனை. பள்ளி டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்டை நியமிப்பது, அவருடைய வேலையை மதிப்பிடுவது, பட்ஜெட்டை நிறைவேற்றுவது, வரி விகிதத்தை நிர்ணயிப்பது, கொள்கைகளை வகுப்பது, கடன் பத்திரத்துக்கு வாக்கெடுப்பு நடத்துவது ஆகியவை போர்டின் வேலை. எந்த வகுப்பில் எதைக் கற்பிக்க வேண்டும் என்ற பாடத்தரத்தை மாநிலக் கல்வி வாரியம் வகுக்கிறது. ஸ்டார் என்ற மாநிலத் தேர்வும் பள்ளிகளுக்கு ஏ முதல் எஃப் வரை தரும் ரேட்டிங்கும் மாநில அரசின் கையில் இருக்கின்றன. ஆகவே "ஸ்டார் தேர்வை ஒழிப்பேன்" என்று ஒரு வேட்பாளர் சொன்னால், அவருக்கு அந்தப் பதவியைப் பற்றித் தெரியவில்லை, அல்லது தெரிந்தே நம்மிடம் மறைக்கிறார். இரண்டுமே நல்லதல்ல.

இன்னொன்று: டிரஸ்டி எனப்படும் தனி ஒரு போர்டு உறுப்பினருக்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் இல்லை. கூட்டத்தில் வாக்கெடுத்து, போர்டாகச் சேர்ந்துதான் செயல்பட முடியும். ஏழு பேர் போர்டில் நான்கு ஓட்டு வேண்டும். "நான் வந்தால் இதை மாற்றுவேன்" என்று சொல்பவரிடம், மற்ற மூவரை எப்படிச் சம்மதிக்க வைப்பீர்கள் என்று கேளுங்கள். அதற்கு யோசித்து வைத்த பதில் இருக்கிறதா என்பதிலேயே ஆள் எப்படி என்று பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது பணம். வேட்பாளர் மன்றங்களில் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான், பள்ளியை அதிகம் பாதிப்பதும் இதுதான்.

டெக்சஸில் ஒரு மாணவருக்கான அடிப்படை ஒதுக்கீடு 2019 முதல் 6,160 டாலரிலேயே நின்றது. இடையில் விலைவாசி எவ்வளவு ஏறியது என்று மளிகைக் கடைக்குப் போகும் எல்லோருக்கும் தெரியும். 2025இல் நிறைவேறிய ஹவுஸ் பில் 2 என்ற மாநிலச் சட்டம் ஆசிரியர் சம்பளத்துக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கியது. ஆனால் அந்த அடிப்படைத் தொகையை 55 டாலர்தான் உயர்த்தியது. கோவிட் காலத்து மத்திய நிதியும் 2024 செப்டம்பரோடு நின்றது. அதோடு, மாநிலம் பணம் தருவது சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து அல்ல, தினசரி சராசரி வருகையை வைத்து. பழைய குடியிருப்புகளில் வீட்டு விலை ஏறி, சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்கள் இன்னும் வடக்கே நகர்ந்துவிட்டதால், அங்கே வகுப்பறைகள் காலியாகின்றன.

விளைவு என்ன? பிளேனோ ஐ.எஸ்.டி. (பள்ளி டிஸ்ட்ரிக்ட்) 2024 ஜூனில் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது. ரிச்சர்ட்சனும் அதே ஆண்டில் பள்ளிகளை மூடத் தீர்மானித்தது. காப்பெல் பிங்கர்ட்டன் எலிமெண்டரியை மூடியது. லூயிஸ்வில் 2024 டிசம்பரில் ஐந்து எலிமெண்டரிகளை மூட வாக்களித்தது. எல்லாம் நம் மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகள்.

எனவே "எந்தப் பள்ளியையும் மூட விடமாட்டேன்" என்ற வாக்குறுதியை மட்டும் நம்பி ஓட்டுப் போடாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி இது: பற்றாக்குறை வந்தால் எதை முதலில் வெட்டுவீர்கள், எதைக் கடைசி வரை தொடமாட்டீர்கள்? ஒரு பள்ளியை மூட வேண்டி வந்தால் எந்த அளவுகோலை வைப்பீர்கள்: கட்டடத்தின் வயதா, காலி இடமா, பஸ் தூரமா, சிறப்புக் கல்விப் பிரிவு அங்கே இருப்பதா? நல்ல வேட்பாளர் இதில் ஒன்றிரண்டையாவது வரிசைப்படுத்திச் சொல்வார். "நிர்வாகச் செலவைக் குறைத்துச் சரிக்கட்டுவேன்" என்பது எல்லோரும் சொல்லும் பதில். பள்ளி பட்ஜெட்டில் பெரும்பங்கு சம்பளம். அந்தச் சம்பளத்திலும் பெரும்பங்கு பள்ளி வளாகங்களில் வேலை செய்பவர்களுக்குப் போகிறது. மாநிலம் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டுக்கும் தரும் ஃபர்ஸ்ட் என்ற நிதித் தர அறிக்கையில் நிர்வாகச் செலவு விகிதம் தனியாகவே இருக்கிறது. அதைப் பார்த்திருக்கிறாரா, அதில் எந்தப் பதவிகளை எடுப்பார் என்று கேளுங்கள்.

வரி விகிதத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. எம் அண்ட் ஓ என்பது சம்பளம், மின்சாரம், பஸ் போன்ற அன்றாடச் செலவுக்கு. ஐ அண்ட் எஸ் என்பது கடன் பத்திரத்தை அடைக்க மட்டும். இரண்டாவதில் இருந்து ஒரு டாலரைக்கூட ஆசிரியர் சம்பளத்துக்கு எடுக்க முடியாது. "ஸ்டேடியம் கட்டக் காசு இருக்கு, டீச்சருக்குக் கொடுக்கக் காசு இல்லையா?" என்று வாட்ஸப்பில் சுற்றும் கோபத்துக்கு இதுதான் பதில். பொதுமக்கள் குழம்புவது இயல்பு. வேட்பாளரே இதைக் குழப்பினால் அவரை விட்டுவிடலாம். 2019 சட்டத்துக்குப் பிறகு பெரிய ஸ்டேடியம், நீச்சல் வளாகம், கலையரங்கம், தொழில்நுட்பக் கருவிகள் போன்றவற்றை வாக்குச்சீட்டில் தனித்தனிக் கேள்வியாகப் போட வேண்டும். பத்திரக் கேள்வி ஒவ்வொன்றிலும் "இது சொத்து வரி உயர்வு" என்ற வாசகமும் கட்டாயம் இருக்கும். வரி விகிதம் உயராவிட்டாலும் அந்த வாசகம் அச்சாகும். ராபின் ஹூட் என்று அழைக்கப்படும் ரீகேப்சரும் ஒன்று இருக்கிறது. சொத்து மதிப்பு அதிகமான டிஸ்ட்ரிக்டுகள் வசூலில் ஒரு பகுதியை மாநிலத்துக்குக் கொடுக்கும் ஏற்பாடு இது. 1993 முதல் நடப்பில் இருக்கிறது. பிளேனோ வெகுகாலமாகக் கொடுத்துவருகிறது. அதை எதிர்த்துப் பேசலாம், ஆனால் போர்டால் நிறுத்த முடியாது.

இப்போது பதவியில் இருப்பவர் மறுபடி நிற்கிறார் என்றால் வேலை சுலபம். அவருடைய பேச்சைக் கேட்பதைவிட அவர் போட்ட ஓட்டுகளைப் பாருங்கள். பெரிய டிஸ்ட்ரிக்டுகள் கூட்டங்களின் வீடியோவை இணையத்தில் வைத்திருக்க வேண்டும். அஜெண்டாவும் அதனுடன் இணைத்த ஆவணங்களும் கூட்டத்துக்கு முன்பே வெளிவரும். பட்ஜெட் கூட்டம், எல்லைக்கோடு மாற்றம், சூப்பரின்டென்டென்ட் ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் தேடுங்கள். அவர் ஆவணத்தைப் படித்துவிட்டு வந்தாரா, எண்களைப் பற்றிக் கேட்டாரா, அல்லது நன்றி சொல்லிவிட்டு ஓட்டுப் போட்டாரா என்பது அரைமணி நேர வீடியோவில் தெரியும். கன்சென்ட் அஜெண்டா என்ற மொத்தக் கட்டில் லட்சக்கணக்கான டாலர் ஒப்பந்தங்கள் ஒரே ஓட்டில் போய்விடும். அதிலிருந்து ஒன்றைத் தனியே எடுத்து விவாதிக்கச் சொல்லும் டிரஸ்டி உழைக்கிறவர்.

பலருக்கும் தெரியாத ஒரு தகவல்: டிரஸ்டிகளுக்கு மாநிலம் விதித்த கட்டாயப் பயிற்சி உண்டு. தேர்தலுக்கு முந்தைய கடைசி வழக்கமான கூட்டத்தில், யார் முடித்தார், யார் அதிகமாகவே செய்தார், யார் பாக்கி வைத்திருக்கிறார் என்று பெயர் சொல்லி அறிவிக்க வேண்டும். அது கூட்டக் குறிப்பிலும் பதிவாகும். சம்பளமில்லாத பதவிதான். ஆனாலும் பயிற்சியைக்கூட முடிக்காதவருக்கு மறுபடி ஏன் வாய்ப்புத் தர வேண்டும்?

சூப்பரின்டென்டென்டோடு ஐந்து ஆண்டு வரை ஒப்பந்தம் போட முடியும். நடுவில் அவரை அனுப்பினால் இழப்பீடு தர வேண்டி வரும். அது ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டினால் மாநிலம் தன் உதவித்தொகையில் அந்தக் கூடுதலைக் கழித்துக்கொள்ளும். ஆகவே ஏழு பேரும் எடுக்கும் முடிவுகளில் கனமானது இந்த நியமனம். "எந்த அளவுகோலை வைத்து அவரை மதிப்பிடுவீர்கள்?" என்ற கேள்விக்கு, மூன்றாம் வகுப்பு வாசிப்பு, ஆசிரியர்கள் விலகும் விகிதம் என்று குறிப்பாகப் பதில் வந்தால் நம்பலாம். பின்தங்கிய வளாகங்களைப் பற்றியும் கேளுங்கள், உங்கள் பிள்ளை அங்கே படிக்காவிட்டாலும். ஒரே ஒரு வளாகம் தொடர்ந்து ஐந்து ஆண்டு தேறாவிட்டால் மாநிலம் அந்த வளாகத்தை மூட வேண்டும், அல்லது தேர்ந்தெடுத்த போர்டை விலக்கி நிர்வாகிகளை நியமிக்க வேண்டும் என்கிறது 2015 சட்டம். ஹூஸ்டனில் 2023 ஜூனில் போர்டையே மாற்றினார்கள். ஃபோர்ட் வொர்த்துக்கு 2025 அக்டோபரில் அதே அறிவிப்பு வந்தது.

புது வேட்பாளர் போர்டில் இதுவரை ஓட்டுப் போட்டதில்லை, பார்க்கப் பழைய பதிவு இருக்காது. அவர் முன்பு எங்கே உட்கார்ந்திருந்தார் என்று பாருங்கள். பத்திரத் திட்டக் குழு, எல்லைக்கோடு குழு, மாணவர் நல ஆலோசனைக் குழு, பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) பொருளாளர் வேலை ஆகியவை நல்ல அடையாளங்கள். மனுத்தாக்கலுக்குப் பிறகு முதன்முறையாகக் கூட்டத்துக்கு வருபவர் கற்றுக்கொள்ளவே ஓராண்டு ஆகிவிடும்.

தேர்தல் செலவுக் கணக்கைப் படிக்க மறக்காதீர்கள். போட்டி உள்ள இடத்தில் நிற்பவர்கள் தேர்தலுக்கு 30 நாள் முன்பும் 8 நாள் முன்பும் வரவு செலவு அறிக்கை தர வேண்டும். மிகக் குறைவாகச் செலவழிப்பதாக எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் விலக்கு. போர்டு வேட்பாளர்களின் அறிக்கை அந்த டிஸ்ட்ரிக்டிலேயே இருக்கும். யார் கொடுத்தார்கள் என்பதில் கட்டட ஒப்பந்தக்காரர், கட்டட வடிவமைப்பு நிறுவனம், டிஸ்ட்ரிக்டோடு வியாபாரம் செய்பவர் இருக்கிறார்களா பாருங்கள். எங்கே செலவானது என்ற பக்கமும் முக்கியம். மூன்று பேர் "தனித்தனியாக" நிற்பதாகச் சொல்லி, மூவருக்கும் ஒரே ஆலோசகர், ஒரே அச்சகம் என்றால் அது ஒரு அணி. அணியாக நிற்பது தவறில்லை, அதை மறைப்பதுதான் தவறு. வெளியூர் பி.ஏ.சி.க்கள் (தேர்தலுக்குப் பணம் திரட்டிச் செலவிடும் அமைப்புகள்) தனியே செலவழிப்பது வேட்பாளர் அறிக்கையில் வராது. அதை டெக்சஸ் எதிக்ஸ் கமிஷன் தளத்தில் தேட வேண்டும்.

அடுத்து, நம்மவர்கள் சிலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். இந்தியப் பெயர் என்பதற்காக ஓட்டுப் போடாதீர்கள். தீபாவளி விழாவில் மேடையேறி "வணக்கம்" சொன்னார் என்பதற்காகவும் போடாதீர்கள். நம்மில் ஒருவர் அந்த மேசையில் அமர்வது பெருமைதான், நானும் விரும்புகிறேன். ஆனால் தீபாவளி விடுமுறைக்கு ஒப்புக்கொண்டவர் பட்ஜெட்டில் தூங்கினால், வகுப்பில் முப்பது பிள்ளைகளோடு உட்காரப்போவது நம் பிள்ளையும்தான். விடுமுறை, தமிழ்ப் பள்ளிப் படிப்புக்கு ஹைஸ்கூல் கிரெடிட், மேம்பட்ட கணிதப் பிரிவு எல்லாம் நியாயமான கோரிக்கைகள். அவற்றை எல்லா வேட்பாளரிடமும் வையுங்கள். கட்சி அடையாளமும் அப்படியே. பெரும்பாலான போர்டு தேர்தல்களில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் வராது. அதை வைத்தே தீர்மானிக்க விரும்புகிறவர், குறைந்தபட்சம் 2025 சட்டங்களால் போர்டுக்கு வந்த புதுப் பொறுப்புகளைப் பற்றி வேட்பாளரிடம் நேராகக் கேட்கட்டும். செனட் பில் 13படி நூலகத்துக்கு வாங்கும் புத்தகங்களுக்குப் போர்டின் ஒப்புதல் வேண்டும். பள்ளியில் பிரார்த்தனை நேரம் வேண்டுமா என்று 2026 மார்ச் 1க்குள் போர்டு வாக்கெடுக்க வேண்டும் என்றது செனட் பில் 11.

இனி நடைமுறை. மே தேர்தல் அந்த மாதத்தின் முதல் சனிக்கிழமை. சில டிஸ்ட்ரிக்டுகள் நவம்பரில் நடத்துகின்றன. அங்கே போர்டு இடங்கள் நீண்ட வாக்குச்சீட்டின் கடைசியில் இருக்கும், அதுவரை உருட்டிப் போக வேண்டும். மே தேர்தலுக்கு மனுத்தாக்கல் பிப்ரவரி நடுவில் முடிகிறது. எந்த இடத்துக்கும் போட்டி இல்லாமல் ஒருவரே நின்றால் தேர்தலையே ரத்து செய்து அவர்கள் வென்றதாக அறிவித்துவிடலாம். ஆகவே நல்ல ஆளைத் தேடும் வேலை ஜனவரிக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும். வேட்பாளர் டெக்சஸில் 12 மாதமும் அந்த டிஸ்ட்ரிக்டில் 6 மாதமும் வசித்திருக்க வேண்டும். வாக்காளர் பதிவு தேர்தலுக்கு 30 நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். டிரைவிங் லைசென்ஸை ஆன்லைனில் புதுப்பிக்கும்போது தவிர, ஆன்லைனில் புதிதாகப் பதிய வழியில்லை. மற்றபடி படிவத்தைக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். முகவரி மாறினாலும் சரிசெய்யுங்கள்.

பல புறநகர் டிஸ்ட்ரிக்டுகளில் இடங்களுக்கு "பிளேஸ் 1, பிளேஸ் 2" என்று எண் உண்டு. ஊர் முழுவதும் எல்லா இடத்துக்கும் ஓட்டுப் போடும். யார் எந்த எண்ணில் நிற்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரன் ஆஃப் (முதல் இருவருக்கு இடையே மறுதேர்தல்) கிடையாத டிஸ்ட்ரிக்டில் அதிக ஓட்டு வாங்கியவர் பாதிக்குக் குறைவாக இருந்தாலும் வென்றுவிடுவார். ஒரே கருத்துள்ள இருவர் ஒரே இடத்தில் நின்று ஓட்டைப் பிரித்து, மூன்றாமவரை வெல்ல வைப்பது இப்படித்தான். சாவடிக்குள் போனைப் பார்க்க முடியாது. தாளில் எழுதிக் கொண்டுபோகலாம். கவுண்டி தளத்தில் மாதிரி வாக்குச்சீட்டை அச்செடுத்து, அதிலேயே குறித்துக்கொள்வது சிறந்தது. போட்டோ ஐடி கட்டாயம்.

எச்1பி, கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போடவோ பதியவோ கூடாது. தெரியாமல் செய்தாலும் குடியேற்ற நிலைக்கே ஆபத்து. டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது வரும் கேள்வியில் கவனமாக இருங்கள். ஆனால் கூட்டத்தில் பேச குடியுரிமை தேவையில்லை. அஜெண்டாவில் உள்ள விஷயத்தைப் பற்றி, போர்டு அதை எடுக்கும் முன்போ எடுக்கும்போதோ பொதுமக்களைப் பேச அனுமதிக்க வேண்டும் என்று 2019 சட்டம் சொல்கிறது. பெயர் பதியும் கடைசி நேரம் ஊருக்கு ஊர் மாறும், அன்று காலையிலேயே பார்த்துவிடுங்கள். கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். அஜெண்டா எண், உங்கள் பிள்ளையின் பள்ளி, உங்களுக்கு வேண்டிய முடிவு என்ற வரிசையில் சொல்லுங்கள். அஜெண்டாவில் இல்லாததைக் கேட்டால் டிரஸ்டிகள் உட்கார்ந்தபடியே இருப்பார்கள். அதை அங்கே விவாதிக்கத் திறந்த கூட்டச் சட்டம் இடம் தராது. அந்த மாதிரி விஷயத்தை ஏழு பேருக்கும் மின்னஞ்சலில் எழுதி, அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.