எந்தச் செடி என்று கேட்டது தப்பா?

உறைபனியில் தேயிலைச் செடியின் மரபணுக்கள் எப்படி இயங்குகின்றன என்று பார்க்கும் நம் ஆய்வு பற்றிய நேற்றைய ஆன்லைன் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். ஒவ்வொரு செடியின் சாம்பிளையும் ஒரு புள்ளியாகக் காட்டும் படத்தில் தனியாக விலகி நின்ற புள்ளியைக் காட்டி, "ஃப்ராஸ்ட்_2ன்னா எந்தச் செடி சார்?" என்று மலையில் சாம்பிள் எடுத்த நம்ம பொண்ணு கேட்டாள். "எதுவா இருந்தா என்னம்மா, சராசரிதானே எடுக்கப் போறோம்" என்று பதில் வந்தது, கூடவே சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

எந்தச் செடி என்பது முக்கியம். திரும்பவும் சொல்கிறேன், முக்கியம்.

மரபணு இயக்கத்தை ஒப்பிடும் கஃப்டிஃப் (Cuffdiff) மென்பொருளில் ஒரு ட்ரீட்மென்டுக்கான, அதாவது 'ஃப்ராஸ்ட்' (உறைபனி) போன்ற ஒரு பிரிவுக்கான, சாம்பிள் கோப்புகளைக் காற்புள்ளி போட்டு வரிசையாகக் கொடுக்கிறோம். நாம் வைத்த சாம்பிள் பெயரை விட்டுவிட்டு, அந்த வரிசைப்படி 0, 1, 2 என்று அதுவே எண் போட்டுக்கொள்கிறது. 0-வில் தொடங்குவதால் ஃப்ராஸ்ட்_2 என்பது மூன்றாவதாகக் கொடுத்த கோப்பு. பெயர்களைக் கணினி எழுத்து வரிசையில் அடுக்கினாலோ 1-க்கு அடுத்து 10, 11, அப்புறம்தான் 2. ஆக அந்தப் புள்ளி பதினொன்றாம் செடியாகக்கூட இருக்கலாம். "ரெண்டாவது செடிதான்" என்று யாராவது ஊகித்து எழுதினால் சம்பந்தமே இல்லாத செடி மேல் பழி விழும்.

ஒரே ட்ரீட்மென்டுக்குள் வரிசை மாறினால் கணக்கு மாறாது என்பீர்கள். சரி, மாறாது. ஆனால் விலகி நிற்கும் சாம்பிளைத் தூக்கிவிடலாம் என்று அதே கூட்டத்தில் முடிவெடுத்தது யார்? எதைத் தூக்குகிறோம் என்று தெரியாமலே தூக்குவதா? கொழுந்து எடை போடும் இடத்தில் பெயர்ச் சீட்டு மாறிப்போய், "மொத்த கிலோ சரியாத்தானே இருக்கு" என்று ஏஜென்ட் சொன்னால் எங்க ஊரில் யாராவது ஒத்துக்கொள்வார்களா?

கஃப்டிஃப் பழசு, அதே வேலைக்கான டிஇசெக்2 (DESeq2) மென்பொருளுக்கு மாறுங்கள் என்று ஒருவர் வருவார். அதன் கையேட்டையும் படியுங்கள்: எண்ணிக்கை அட்டவணையின் எந்த நெடுவரிசை எந்த சாம்பிள் என்று தான் ஊகிக்காது, வரிசையைச் சரியாகக் கொடுப்பது உங்கள் பொறுப்பு என்றே அதில் இருக்கிறது.

கோத்தகிரிப் பக்கம் ஜனவரி விடியலில் இந்தச் சாம்பிள்களை அவள் எடுக்கும்போது நானும் கூட இருந்தேன். உறைபனியில் ஈரமான அட்டையில் மார்க்கர் எழுதவில்லை, பென்சிலால் அழுத்தி அழுத்தி எழுதினாள். மரபணு இயக்கத்தைக் காட்டும் ஆர்என்ஏ மூலக்கூறு சிதைந்துவிடக் கூடாதென்று பறித்த கையோடு திரவ நைட்ரஜனில் போட வேண்டும், அந்தக் குளிரில் அவளுக்கு விரல் மடங்கவில்லை. கூட வந்த கொழுந்து பறிக்கும் அக்கா ஒவ்வொரு செடியிலும் கலர் நூல் கட்டி, "இது பள்ளத்துச் செடி, இது சில்வர் ஓக் மரத்தடி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் இறங்கித் தேங்கும், உறைபனி அங்கேதான் கடுமையாக விழும், மரத்தடியில் குறையும். விலகி நிற்கும் புள்ளி அந்த மரத்தடிச் செடியாக இருந்தால் அது கெட்ட சாம்பிளா, இல்லை நாம் தேடுகிற பதிலேவா? எந்தச் செடி என்று தெரியாமல் எப்படிச் சொல்வீர்கள்?

ஆனால் அந்த அக்கா சொன்னதும், இவள் நோட்டில் எழுதியதும் கீழே சமவெளியில் கணக்குப் போடும் உங்களிடம் வந்து சேரும்போது வெறும் 0, 1, 2 ஆகிவிடுகிறது. மலையிலிருந்து இலை கொண்டுவந்து கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது, யோசிப்பதெல்லாம் அங்கே என்றுதான் நினைக்கிறீர்களா? எனக்கு அப்படித்தான் பட்டது, வலிக்கிறது.

எந்தக் கோப்புக்கு எந்த எண் என்பதை கஃப்டிஃப்பே ரீட்_குரூப்ஸ்.இன்ஃபோ (read_groups.info) என்ற கோப்பில் எழுதி வைத்திருக்கிறது. திறந்து பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. அதை இன்றைக்கே அவளுக்கு அனுப்புங்கள், அதுவரை எந்த சாம்பிளையும் தூக்காதீர்கள்.