கல்லீரல் நோயாளியின் தட்டைப் பிடுங்காதீர்கள்

சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறித் தளரும் நோய், என்று மருத்துவர் சொன்ன அன்றே வீட்டில் ஒரு தடைப்பட்டியல் தயாராகிவிடுகிறது. முட்டை கூடாது, பருப்பு கூடாது, பால் கூடாது, எண்ணெய் வாசமே கூடாது. சொல்பவர்கள் யாரும் நோயாளிக்குக் கெடுதல் நினைப்பவர்கள் அல்லர். ஈரலுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்ற நம்பிக்கையில்தான் செய்கிறார்கள். ஆனால் கல்லீரல் நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வதையே வேலையாகக் கொண்டவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பட்டியல் நோய்க்குத்தான் துணைபோகிறது.

ஈரல் இன்னும் சமாளித்துக்கொண்டிருக்கும் கட்டத்திலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஊட்டச்சத்துக் குறைவு இருக்கிறது. வயிற்றில் நீர் கோத்து, மஞ்சள் காமாலை கண்டு, நினைவு தடுமாறும் கட்டத்தை எட்டியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இருக்கிறது. நோய்த்தொற்றும் நினைவுக் குழப்பமும் ஊட்டச்சத்துக் குறைந்த இவர்களைத்தான் அதிகம் தாக்குகின்றன. திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர வேண்டியிருப்பதும் இவர்களுக்குத்தான். மாற்று ஈரல் கிடைத்தாலும், தசை வற்றிய உடல் அந்த அறுவை சிகிச்சையிலிருந்து மீள்வது கடினம்.

இது மருத்துவத்துக்குப் புதிய செய்தியும் அல்ல. 1964-இல் சைல்டு, டர்கோட் என்ற இரு அறுவை சிகிச்சை நிபுணர்கள் சிரோசிஸின் தீவிரத்தை அளக்க ஐந்து அளவுகோல்களை வைத்தார்கள். பிலிருபின் (மஞ்சள் காமாலையில் இரத்தத்தில் ஏறும் நிறப்பொருள்), ஆல்புமின் (ஈரல் செய்யும் இரத்தப் புரதம்), வயிற்று நீர், நினைவுக் குழப்பம். ஐந்தாவது, நோயாளியின் ஊட்டநிலை. 1973-இல் பியூ என்பவரின் குழு அதைத் திருத்தியமைத்தபோது ஊட்டநிலையை எடுத்துவிட்டு, இரத்தம் உறையும் நேரத்தைச் சேர்த்தது. ஊட்டநிலையைக் கண்ணால் பார்த்துச் சொல்லும்போது ஆளுக்கு ஆள் மாறும். உறையும் நேரம் ஆய்வகம் தரும் எண். மாற்றத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அன்று அட்டவணையிலிருந்து இறங்கிய ஊட்டநிலை பல மருத்துவர்களின் கவனத்திலிருந்தும் சேர்ந்தே இறங்கிவிட்டது என்பது என் வருத்தம். இன்றும் நோயாளியின் கோப்பில் பிலிருபின் எண் பத்து இடத்தில் இருக்கும். அவர் நேற்று என்ன சாப்பிட்டார் என்பது ஓரிடத்திலும் இருக்காது.

தசை ஏன் இவ்வளவு முக்கியம்? குடலில் உண்டாகும் அம்மோனியா என்ற நச்சுப்பொருளை யூரியாவாக மாற்றி வெளியேற்றுவது ஈரலின் வேலை. ஈரல் தளரும்போது அந்த அம்மோனியாவில் ஒரு பகுதியைத் தசைகள் ஏற்றுக்கொண்டு குளூட்டமினாக மாற்றுகின்றன. தசை கரையக் கரைய அந்த உதவியும் குறைகிறது. அம்மோனியா மூளையை எட்டுகிறது. நோயாளி பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறார், கையெழுத்து கோணுகிறது, கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடக்கிறது. போதாக்குறைக்கு, மிகுந்த அம்மோனியா தசை வளர்ச்சியையே தடுக்கிறது. இப்படி ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு தசையும் நினைவும் கீழே போகின்றன.

அந்த நிலையில்தான் வீட்டில் உள்ளவர்கள் புரதத்தை நிறுத்துகிறார்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படிச் சொன்னார்கள் என்பதால் அவர்களை மட்டும் குறைசொல்ல முடியாது. ஆனால் 2004-இல் பார்சிலோனாவிலிருந்து வெளிவந்த ஆய்வில், நினைவுக் குழப்பத்துடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சிரோசிஸ் நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குப் புரதத்தைக் கட்டுப்படுத்தினார்கள், மறு பிரிவினருக்கு முதல் நாளிலிருந்தே இயல்பான அளவு கொடுத்தார்கள். குழப்பம் தெளிவதில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. கட்டுப்படுத்தியவர்களின் உடலில் புரதச் சிதைவுதான் கூடுதலாக இருந்தது. இன்றைய வழிகாட்டு நெறிகள் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதமும், பருமன் இல்லாதவருக்குக் குறைந்தது 35 கலோரியும் சொல்கின்றன. கோத்த நீரைக் கழித்து 60 கிலோ இருப்பவருக்கு 72 முதல் 90 கிராம் புரதம், 2,100 கலோரி. இறைச்சி ஒத்துக்கொள்ளாதவருக்குப் பாலும் பயறு வகைகளும் பெரும்பாலும் ஒத்துக்கொள்கின்றன. மூலத்தை மாற்றலாம், அளவைக் குறைக்கக் கூடாது.

நான் அதிகம் மன்றாடுவது இரவைப் பற்றித்தான். நல்ல ஈரல் பகலில் உண்டதில் ஒரு பங்கைக் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேர்த்துவைத்து, இரவில் சிறுகச் சிறுக அளந்து கொடுக்கும். தழும்பேறிய ஈரலில் அந்தக் களஞ்சியம் சுருங்கிப்போகிறது. மூளையோ தூக்கத்திலும் குளுக்கோஸ் கேட்கும். வேறு வழியில்லாமல் உடல் தன் தசையைக் கரைத்துக் குளுக்கோஸ் செய்கிறது. ஒரே இரவில் சிரோசிஸ் நோயாளியின் உடல் எட்டும் பட்டினி நிலையை, நோயற்ற ஒருவர் எட்ட இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடக்க வேண்டும். எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்துக் காலை எட்டு மணிக்கு வாய்திறக்கும் நோயாளிக்கு ஒவ்வொரு விடியலும் அப்படித்தான் விடிகிறது.

படுக்கப்போகும் முன், மாவுச்சத்து 50 கிராமாவது இருக்கும்படி ஒரு சிற்றுணவு. முடிந்தால் கொஞ்சம் புரதமும். இவ்வளவுதான் மருந்து. 2008-இல் நியூசிலாந்தில் வெளியான ஆய்வில் ஒரே ஊட்ட பானத்தைச் சிலருக்குப் பகலிலும் சிலருக்கு இரவிலும் கொடுத்துப் பார்த்தார்கள். இரவில் குடித்தவர்கள் ஓராண்டில் ஏறத்தாழ 2 கிலோ கொழுப்பற்ற திசு கூடினார்கள். பகலில் குடித்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

எடைக் கருவியை நம்பி ஏமாறுபவர்களையும் நிறையப் பார்க்கிறேன். "உடம்பு போட்டிருக்கிறது" என்று வீட்டார் மகிழ்வார்கள். ஏறியது வயிற்று நீர். நீங்கள் நெற்றிப்பொட்டைப் பாருங்கள், அங்கே குழி விழுந்திருக்கிறதா? கட்டைவிரல் அடிச்சதை தட்டையாகியிருக்கிறதா? சட்டைக் கை தொளதொளக்கிறதா? நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா? கைப்பிடி வலிமையை அளக்கும் கருவி சிறியது. எந்த மருத்துவமனையிலும் வைத்துக்கொள்ளலாம். ஆல்புமினை மட்டும் பார்த்து ஊட்டநிலையைச் சொல்வது சரியல்ல. அதைச் செய்வதே ஈரல்தான். ஈரல் கெட்டாலும் தொற்று வந்தாலும் அது இறங்கும். பருமனாக இருப்பவருக்குள்ளும் தசை வற்றியிருக்கலாம், அவர் எடை குறைக்கும்போதும் புரதம் குறையக் கூடாது.

உப்பு விஷயத்தில் ஒரு சொல். நீர் கோத்தவருக்கு நாளுக்கு 5 கிராம் அளவில் உப்பைக் கட்டுப்படுத்துவது தேவைதான். அதற்காக உப்பே இல்லாமல் சமைத்து, அவர் இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவைக்கிறார் என்றால் நஷ்டம்தான் அதிகம். நீர் அழுத்துவதால் வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும். ஆகவே மூன்று வேளையை ஆறு ஏழாகப் பிரித்துக் கொடுங்கள். நெடுநாள் சாப்பிடாமல் இருந்தவருக்கு மட்டும் ஒரேயடியாகக் கூட்டாமல் மருத்துவர் கண்காணிப்பில் கூட்ட வேண்டும்.

கடைசியாக, மருத்துவமனைகளில் இருப்பவர்களுக்கு. எண்டோஸ்கோபிக்காக நள்ளிரவிலிருந்து வெறும் வயிற்றோடு வைத்திருக்கிறோம். மதியம் வரை அழைப்பதில்லை. பிறகு "நாளைக்கு" என்று திருப்பி அனுப்புகிறோம். மறுநாள் அதே கதை. விழித்திருக்கும் நேரத்தில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் பட்டினி கூடாதவர் அவர். சிரோசிஸ் நோயாளிக்குக் காலை முதல் இடம் கொடுங்கள். தள்ளிப்போனால், தள்ளிப்போகிறது என்று தெரிந்த அந்த நிமிடமே அவருக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்லிக் கோப்பில் எழுதுங்கள். எழுதவில்லை என்றால், உடனிருப்பவர்கள் தயங்காமல் கேளுங்கள்.