ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது

நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் வருசத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் (இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும், இரும்புள்ள புரதம்) பார்த்தால் போதும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் மலையகப் பிள்ளைகளுக்கு அது போதாது ஐயா.

என் தங்கச்சி மகள் 5,000 மீற்றர் ஓடுகிறவள். போன வருசம் பாதி ஓட்டத்திலேயே கால் துவண்டு போகும். தோட்டத்து லயத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12.3 கிராம். "எல்லாம் நார்மல், பிள்ளைக்குச் சோம்பல்" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அவள் அழுத அழுகை இன்னும் கண்ணில் நிற்கிறது. பிறகு வேறொரு டொக்டர் ஃபெரிட்டின் எடுக்கச் சொன்னார். வெறும் 9! உடம்பில் சேர்த்துவைத்த இரும்புச்சத்தைக் காட்டுவது அதுதான். லீற்றருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தச் சேமிப்பு கரைந்த பிறகுதான் ஹீமோகுளோபினே இறங்கும். அதோடு எங்கள் நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். உயரத்தில் ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்றுக் கூடும், ஆகவே கடலோரக் கொழும்பில் போதுமான எண் இங்கே குறைவாக இருக்கலாம்.

இன்னொன்று, நம் வீடுகளில் ரொட்டி தின்ற கையோடு சாயத்தண்ணி. தேயிலை, சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. இப்போது அவள் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் குடிக்கிறாள். சாப்பாட்டோடு ஒரு கொய்யா, அதிலுள்ள விற்றமின் சி இரும்பு உடம்பில் சேர உதவும். மாத்திரை டொக்டர் சொன்ன அளவில் மட்டும்.

காய்ச்சல் நேரத்திலும் கடும் பயிற்சிக்கு மறுநாளும் இந்த டெஸ்டுக்கு இரத்தம் கொடுக்காதீர்கள், ஃபெரிட்டின் கூடுதலாகக் காட்டிவிடும். பயிற்சியாளர்மார் பிள்ளையை ஏசுமுன் இந்த ஒரு டெஸ்டை எடுக்கச் சொல்லுங்கள்.