வெற்றிலையோடு போடும் புகையிலையைப் பற்றியும் கேளுங்கள்
கர்ப்ப காலப் போதைப் பழக்கம் நகரத்துப் பெண்களின் பிரச்சினை, மது சிகரெட்டோடு முடிந்துவிடுகிறது என்று இங்கே வந்த கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை. எங்கள் தேனி மாவட்டத்துக் கம்பம் பக்கம் வந்து பாருங்கள், விடியுமுன்னே ஜீப்பில் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி கேரளத்து வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிற பெண்களில் பலர் இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு புகையிலையும் வைத்திருப்பார்கள், குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை. என் சித்தி மகள் மசக்கைக் குமட்டலுக்கு நல்லது என்று ஆரம்பித்து ஏழாம் மாதம் வரை அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே ஏலக்காய் எடுத்தாள். பரிசோதனைக்குப் போன இடத்தில் குடிப்பாயா, புகைப்பாயா என்று கேட்டார்களாம், இதை யாரும் கேட்கவில்லை. புகை வராவிட்டாலும் நிக்கோட்டின் ரத்தத்தில் கலந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது, ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. எடை குறைவு, குறைமாதப் பிரசவம், வயிற்றிலேயே குழந்தை இறப்பது வரை ஆபத்து கூடும். கேரளத்தில் 2012இலும் இங்கே தமிழ்நாட்டில் 2013இலும் குட்காவைத் தடை செய்தார்கள், சரி, வெற்றிலையோடு போடும் புகையிலையைப் போதை என்றே யாரும் நினைப்பதில்லையே. மேலே கருத்து எழுதிய ஒருவர் இப்படிப்பட்ட தாய்மார்கள் மீது வழக்குப் போடச் சொல்கிறார். வழக்கு என்றால் பரிசோதனைக்கே வரமாட்டார்கள் ஐயா, அப்புறம் அவர்களின் ரத்தசோகையை யார் பார்ப்பது? இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் நர்சம்மா அப்போதே "புகையிலை போடுவியாம்மா" என்று திட்டாமல் கேட்கட்டும், நடுவில் விட்டாலும் குழந்தைக்கு நல்லதுதான்.