டுடோரியல் எழுதுவது கமா திருத்தும் வேலை இல்லை

ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 என்ற கணினி விளையாட்டுக்கு நாம் செய்துவரும் மோடில் (ரசிகர்கள் செய்யும் மாற்றத் தொகுப்பு), புதியவருக்கு ஆடக் கற்றுத்தரும் டுடோரியலைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று மோட் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு மறுபடி விளக்க வேண்டாம். "டுடோரியல் வசனத்தை இன்னும் தேய்ச்சுக்கிட்டு இருக்கிறது கமா திருத்துற வேலை. அதை யாரும் படிக்கப் போறதில்ல, யூடியூப் இருக்கு" என்று ஒரு மூத்த ஆட்டக்காரர் எழுதினார். அதற்கு விழுந்த லைக்குகளையும் பார்த்தேன். அங்கேயே பதில் போட்டால் சண்டையாகிவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 போன்ற ஒரு போர் வியூக விளையாட்டில் டுடோரியல் வாக்கியம் அலங்காரம் கிடையாது. எந்த வாக்கியம் முன்னால் வருகிறது, எது பின்னால் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் புதிதாக வருபவரின் படை நிற்பதும் கலைவதும். இதைக் கமா என்று சொன்னால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

விளையாட்டின் சொந்த டுடோரியல் நம்மை இத்தாலியாக உட்கார வைத்து எத்தியோப்பியப் போரை நடத்தச் சொல்கிறது. நம் மோடும் அதே களத்தைத்தான் எடுத்துக்கொண்டது. தேர்வு அருமையானது. ஆட்டம் 1936 ஜனவரி 1-இல் தொடங்குகிறது. இத்தாலி எல்லை தாண்டியது 1935 அக்டோபரிலேயே. ஆகவே போரை எப்படி அறிவிப்பது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. வடக்கே எரித்ரியா, தெற்கே சோமாலிலாந்து என இரண்டு பக்கமும் படை ஏற்கெனவே இருக்கிறது.

அந்தக் களத்தில் திரையில் தோன்றும் நம் பழைய விளக்கப் பெட்டி சொன்னது இது: "உங்கள் படைகளைத் தேர்ந்தெடுத்து, ஃப்ரண்ட் லைனும் தாக்குதல் கோடும் வரைந்து, பிளானிங் போனஸ், ஆர்கனைசேஷன், சப்ளை ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு திட்டத்தைச் செயல்படுத்தவும்."

இதில் பிழை ஒன்றும் இல்லை. கமாக்கள்கூட சரியாகவே இருக்கின்றன. ஆனால் புதியவர் என்ன செய்வார்? படை நிற்க வேண்டிய கோட்டை (ஃப்ரண்ட் லைன்) வரைவார், தாக்கும் திசைக்கு அம்பு வரைவார், உடனே தாக்குதலைத் தொடங்கும் பச்சைப் பொத்தானை அழுத்துவார். டிவிஷன்களில் (படைப்பிரிவுகளில்) பாதி இன்னும் எல்லைக்கே வந்து சேர்ந்திருக்காது. பிளானிங் போனஸ், அதாவது திட்டமிட்டுக் காத்திருந்தால் கிடைக்கும் கூடுதல் பலம், பூஜ்யம். வந்து சேர்ந்த ஒன்றிரண்டு டிவிஷன்கள் மட்டும் மலைமேல் ஏறி மோதும். ஆர்கனைசேஷன், அதாவது தொடர்ந்து சண்டையிடும் தெம்பு, கரைந்து அவை பின்வாங்கும். மீதி வந்து சேரும்போது இவை மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். படை வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான் "கருத்தில் கொண்டு" என்ற இரண்டே சொல்லில் நாம் ஒளித்து வைத்த விஷயம். குழம்பில் புளியைக் கரைத்து ஊற்றிய பிறகு, புளியை முன்னாடியே ஊற வைக்கணும் என்று சொல்வதைப் போன்றது.

திருத்திய வடிவத்தில் அந்த ஒரு பெட்டி நான்காகப் பிரிந்தது. முதல் பெட்டியில் ஒரே ஒரு செயல்: திரையின் அடியில் இருக்கும் படையின் படத்தைச் சொடுக்கி, ஃப்ரண்ட் லைன் கருவியை எடுத்து, எல்லையைத் தொடு. இரண்டாவது பெட்டியில் செயலே இல்லை. "டிவிஷன்கள் நடக்கத் தொடங்கிவிட்டன. வேகத்தை 3-இல் வைத்து, எல்லாம் எல்லைக்கு வந்து சேரும்வரை நாட்களை ஓடவிடுங்கள். பிறகு ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்துங்கள்" என்று மட்டும். மூன்றாவதில் தாக்குதல் கோடு. கோடு வரைந்த பிறகு படை எல்லையில் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் போனஸ் ஏறும், தாக்கத் தொடங்கியதும் இறங்கும் என்ற செய்தி இங்கேதான் வர வேண்டும். ஏனென்றால் இங்கேதான் ஆட்டக்காரரின் விரல் துடிக்கிறது. நான்காவதில் பச்சைப் பொத்தான்.

ஆர்கனைசேஷனை அங்கே தொடவே இல்லை. அதற்கான பெட்டி முதல் மோதல் தொடங்கிய பிறகு திறக்கிறது. டிவிஷன் அட்டையில் இரண்டு பட்டைகள் உண்டு: பச்சை ஆர்கனைசேஷன், ஆரஞ்சு பலம். ஆரஞ்சு கிட்டத்தட்ட முழுதாக இருந்தும் டிவிஷன் ஓடுவதைப் பார்த்ததும் எந்தப் புதியவரும் "இது பக், நிரல் பிழை" என்றுதான் நினைப்பார். பச்சை தீர்ந்தால் ஆள் இருந்தும் பின்வாங்கும் என்ற வாக்கியத்தை அந்த நிமிடத்தில் காட்டினால் ஒருமுறை போதும். பத்து நிமிடம் முன்னால் காட்டியிருந்தால் அது காற்றோடு போயிருக்கும்.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எதைச் சொல்கிறோம் என்பதைவிட எப்போது சொல்கிறோம் என்பதே பெரிய விஷயம்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1977-இல் அவலான் ஹில் வெளியிட்ட ஸ்குவாட் லீடர் பலகை விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விதிப் புத்தகம் தடிமன்தான். ஆனால் முதல் பகுதியைப் படித்துவிட்டு முதல் களத்தை ஆடு, அடுத்த பகுதியைப் படித்துவிட்டு அடுத்ததை ஆடு என்று படிப்படியாக அடுக்கியிருந்தார்கள். டாங்கிகளைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியாமல் ஸ்டாலின்கிராட் தெருச்சண்டையை ஆடி முடிக்கலாம். கம்ப்யூட்டரே இல்லாமல் காகிதத்தில் செய்தார்கள். நம்மிடம் பெட்டியை எந்த நிமிடத்தில் திறப்பது என்று முடிவு செய்ய நிரலே இருக்கிறது, அதைப் பயன்படுத்த மாட்டோம் என்கிறோம்.

இப்போது யூடியூப். வீடியோ போடுபவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன்: எந்தப் பேட்சுக்கான (விளையாட்டின் புதுப்பிப்பு) வீடியோ? 2021 நவம்பரில் நோ ஸ்டெப் பேக் என்ற விரிவாக்கம் வந்தபோது காம்பாட் விட்த் (ஒரே நேரத்தில் எவ்வளவு படை மோதலாம் என்ற அகல வரம்பு) கணக்கே மாறியது. அதுவரை ஒரு மாகாணத்தில் 80, கூடுதலாகத் தாக்கும் ஒவ்வொரு திசைக்கும் 40. அதனால்தான் 20 அல்லது 40 அகல டிவிஷன் கட்டு என்று எல்லோரும் சொன்னார்கள், 80-இல் அவை மிச்சமில்லாமல் பொருந்தும். அந்தப் பேட்சோடு அகலம் நிலப்பரப்பைப் பொறுத்தது என்றாகிவிட்டது; பிறகு அந்த எண்களும் மாறின. சப்ளையும் ரயில் பாதை, சப்ளை ஹப் (விநியோக மையம்) என்று அடியோடு மாறியது. பழைய வீடியோக்கள் அப்படியேதான் இருக்கின்றன. அதை நம்பி ஒரு பையன் ஹப்பிலிருந்து எட்டாத தூரத்தில் படையைக் குவித்துவிட்டு, ஏன் பட்டினி கிடக்கிறது என்று கேட்கிறான்.

டுடோரியல் எழுத்தைத் திருத்தலாம், வீடியோவைத் திருத்த முடியாது. ஒழுங்காக எழுதினால் எண்களைத் திருத்தவே வேண்டியிருக்காது: எண்ணை வாக்கியத்துக்குள் கையால் அடிக்காமல், விளையாட்டே நிரப்பும் மாறியாக (வேரியபிள்) வைத்தால் பேட்ச் மாறினாலும் வாக்கியம் பொய் சொல்லாது. "கமா வேலை" என்பவர்களுக்கு இன்னொன்று: வாக்கியங்கள் இருக்கும் அந்த மொழிக்கோப்பை, பிஓஎம் என்ற தொடக்கக் குறி இல்லாத யூடிஎஃப்-8 (எழுத்துக் குறியாக்க முறை) ஆகச் சேமித்தால் விளையாட்டு அதைப் படிக்கவே படிக்காது, திரையில் வாக்கியத்துக்குப் பதில் வெறும் குறியீட்டுப் பெயர்தான் தெரியும். நிறக் குறியை மூட மறந்தால் பத்தி முழுக்க மஞ்சளாகிவிடும். ஒவ்வொரு வரியையும் உள்ளே போட்டு ஓட்டிப் பார்க்காமல் இந்த வேலை முடியாது.

"தோற்றுத்தான் கத்துக்கணும், அதுதான் சுவை" என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதி எனக்கும் சம்மதம். தவறான முடிவு எடுத்துத் தோற்றால் அது பாடம். பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தோற்றால் அதில் என்ன பாடம்?

"டூல்டிப் இருக்கே" என்பதற்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. எதன்மேல் மவுஸை வைக்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் டூல்டிப்.

"யாரும் படிக்க மாட்டாங்க" என்பதுதான் என்னை உண்மையில் புண்படுத்தியது. படிக்கிறார்கள். ஒரு பெட்டியில் மூன்று வரி இருந்தால் படிக்கிறார்கள், பதினைந்து இருந்தால் 'அடுத்து' பொத்தானைத் தேடுகிறார்கள். உற்பத்திப் பெட்டியையே பாருங்கள். "தொழிற்சாலைகளை ஒதுக்கவும்" என்று எழுதிவிட்டோம். புதிய உற்பத்தி வரிசையில் சேரும் தொழிற்சாலை 10 சதவீதத் திறனில் தொடங்கி மெல்ல ஏறுகிறது, அடிக்கடி மாற்றினால் ஏறியது போய்விடும் என்பதை ஏழாவது பத்தியில் புதைத்தோம். புதியவர் வாரத்துக்கு ஒருமுறை மாற்றி, துப்பாக்கி இல்லாத டிவிஷன்களை வைத்துக்கொண்டு விழிக்கிறார். அவர் சோம்பேறி இல்லை. நாம் புதைத்ததை அவர் தோண்டவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இந்த வேலைக்கு எப்போதும் கடைசி வாரம்தான் கிடைக்கிறது. வரைபடம் முடிந்து, ஃபோகஸ் மரம் (ஒரு நாட்டின் இலக்குகளைக் காட்டும் கிளைப்படம்) முடிந்து, எல்லோரும் களைத்த பிறகு "யாராவது டுடோரியல் எழுதிடுங்க" என்பார்கள். எழுதிக் கொடுத்தவர் பெயர் நன்றிப் பட்டியலிலும் வராது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்தக் கமெண்டுக்குள் இருக்கும் எண்ணம்: நான் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டேன், நீயும் படு. பத்து வருடம் பழகிய கை இருப்பதால் வாசலில் நிற்பவரை அளக்கும் உரிமை வந்துவிடாது. இந்த விளையாட்டை வாங்கக் காசு சேர்த்தவர், முதல் மாலையிலேயே தனக்கு மூளை போதாது என்று முடிவு செய்து மூடிவிட்டுப் போகிறார். அவரை நான் இழக்க விரும்பவில்லை.

திருத்திய கோப்பு குழுவில் இருக்கிறது. சப்ளைப் பெட்டி இன்னும் சரியாக வரவில்லை. எரித்ரியாவின் மசாவா துறைமுகத்தையும் ரயில் பாதையையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருக்கிறது, அதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கப் போகிறேன். உதவ நினைப்பவர்கள், இந்த விளையாட்டைத் தொட்டே பார்க்காத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, வாயைத் திறக்காமல் அரை மணி நேரம் பாருங்கள். மவுஸ் எந்தப் பெட்டியில் தயங்கி நின்றது என்று மட்டும் கமெண்டில் எழுதுங்கள்.